ஆறரைப் படி என்று எழுதியவன்

என்னை வெட்டச் சொல்லி நானே கத்தியிருக்கிறேன். சாதாரணக் கத்தல் இல்லை. திருநெல்வேலி டவுன் கடைத்தெருவில், பட்டப்பகலில், நானூறு ஐந்நூறு பேர் நடுவே நின்றுகொண்டு, அத்தனை பேரையும்விட உரக்கக் கத்தினேன். பிறகு மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது. தாலுகா கச்சேரியில் கேட்டவர்களிடம் ஜலதோஷம் என்று சொல்லிவைத்தேன்.

பதினாலில் தொடங்கின யுத்தம் முடிவேனா என்று இழுத்துக்கொண்டிருந்த கடைசி வருஷம் அது. எனக்கு வயது நாற்பத்துமூன்று. தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. தலைப்பாகை, கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, அந்தப் பொத்தான்களில் மூன்றாவதை ஒருபோதும் மாட்ட விடாத தொந்தி, இவ்வளவுதான் நான். என் மேஜைக்கு உரிய வேலைகளில் வாராந்தர விலைப்பட்டியல் என்று ஒன்று உண்டு. அரிசி, கம்பு, சோளம், கேழ்வரகு, உப்பு இவையெல்லாம் ஒரு ரூபாய்க்கு எத்தனை படி கிடைக்கின்றன என்று சனிக்கிழமைதோறும் சந்தைக்குப் போய் விசாரித்து எழுத வேண்டும். தாசில்தார் கையெழுத்துப் போடுவார். அது கலெக்டர் கச்சேரிக்குப் போகும். அங்கிருந்து சென்னைப் பட்டணம் போகும். அதற்கு மேலும் எங்கெங்கோ மலையேறிப் போகும் என்பார்கள். எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவுக்கு அதன்மேல் நம்பிக்கையும் கூடும்.

சந்தைக்குப் போய் விசாரிக்கச் சொல்லியிருக்கிறது விதி. ஒன்பது வருஷமாக நான் போகவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியைத் தேய்த்தவரும் போனதில்லை. அவர் பென்ஷனில் போகிற அன்று மேஜைச் சாவியோடு சேர்த்து முறையையும் ஒப்படைத்தார்.

"போன வாரத்தைப் பாத்து எழுதும்வே. ரெண்டு மாசத்துக்கு ஒருக்க கால் படி ஏத்தும். பொறவு கால் படி இறக்கும். அப்பத்தான் பட்டியலுக்கு உசிரு இருக்குன்னு மேல இருக்கிறவங்களுக்குத் தெரியும்."

"மழை பொய்ச்சுப் போச்சுன்னா?"

"மழைக்கு வேற பட்டியல் இருக்கு. அது பக்கத்து மேஜை."

யோக்கியனாக இருந்து பார்க்கவும் ஒரு தடவை முயன்றேன். யுத்தம் தொடங்கின வருஷம் விலை குதித்தபோது, வீட்டுக்கு வாங்கின விலையை அப்படியே எழுதி அனுப்பினேன். பத்தாம் நாள் மேலேயிருந்து தாக்கீது வந்தது. அரைப் படிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதற்குச் சமாதானம் எழுதி, நான்கு பிரதிகள் எடுத்து, கிராம முன்சீபுகளின் சாட்சியத்தோடு அனுப்ப வேண்டுமாம். நான் மறு சனிக்கிழமையே பழைய விலைக்குத் திரும்பிவிட்டேன். மேலேயிருந்து ஒரு கேள்வியும் வரவில்லை. பொய்க்குச் சமாதானம் எழுதச் சொல்லி சர்க்கார் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

இப்படியே, அந்த வருஷம் ஆவணியில் என் பட்டியலில் அரிசி ரூபாய்க்கு ஆறரைப் படியாக இருந்தது. கடையில் நாலு படி. எனக்கு அது தெரியாமல் இல்லை. காலையில் எங்கள் வீட்டு அரிசியை ரூபாய்க்கு நாலு படி என்று வாங்கி, அடுக்களையில் இறக்கிவிட்டு, கச்சேரிக்கு வந்து ஆறரை என்று எழுதினேன். இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டென்று தோன்றியிருந்தால்தானே வெட்கப்பட.

அந்த நாலு படியை அளந்து கொடுத்தவர் ஒரு அண்ணாச்சி. நடுத்தெருவில் சின்னதாக ஒரு அரிசிக்கடை. ஒல்லியான மனிதர். படியை அரிசிக்குள் அமுக்கி, கூம்பு வைத்து எடுத்து, ஒரு மணி சிதறாமல் சாக்கில் கவிழ்ப்பார். தெருவில் எல்லாக் கடையிலும் விலை ஒன்றுதான், ஆனால் இவர் கையில் அளந்தால் ஒரு பிடி கூட இருக்கும் என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேலப்பாளையத்திலிருந்துகூட நடந்து வருவார்கள்.

அரிசி ஏறினதற்குக் காரணங்கள் பல. பர்மாவிலிருந்து கப்பல் வருவது நின்றுபோயிருந்தது. இருந்ததையும் கூட்ஸ் வண்டியில் ஏற்றி, செங்கோட்டை வழியாக மலையாளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அனுமதி கொடுத்தது கலெக்டர். எதைப் பார்த்துக் கொடுத்தார்? 'இந்தத் தாலுகாவில் அரிசி ஆறரைப் படி, தட்டுப்பாடு இல்லை' என்ற பட்டியலைப் பார்த்து. ஜனங்கள் முணுமுணுக்கிறார்கள் என்று அவர் காதில் விழுந்ததும், விலை ஏறிவிட்டது என்ற வதந்தியை அடக்க ஓர் உத்தரவு போட்டார். சர்க்கார் விலையைப் பலகையில் எழுதிச் சந்தையில் மாட்ட வேண்டும். அதற்குக் குறைத்து அளக்கிற வியாபாரியை யுத்தகாலச் சட்டப்படி ஜெயிலில் போட வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து நான் இட்டுக்கட்டியது சட்டமாகிவிட்டது. வெள்ளைச் சுண்ணாம்பில், கறுப்புப் பலகையில், கையகல எழுத்தில், அரிசி ஆறரைப் படி.

பலகை மாட்டின மறுநாள் அண்ணாச்சி கச்சேரிக்கு வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"ஓய், உம்மகிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த ஆறரை எங்கன கிடைக்குன்னு சொல்லும். நானே போயி வண்டி கட்டி எடுத்துட்டு வாரேன்."

"அண்ணாச்சி, அது சர்க்கார் விலை."

"சர்க்காரு எங்கன கடை வச்சிருக்கு? நான் கொள்முதலே நாலேகால் படிக்கு எடுக்கேன். காலே கால் படி வச்சு நாலுக்கு விக்குதேன். ஆறரை அளந்தா நாலே நாளையில வீட்டு ஓட்டைப் பிரிச்சு விக்கணும். நாலு அளந்தா ஜெயிலுங்குதீரு. என்னதான்வே செய்யச் சொல்லுதீரு?"

தாசில்தாரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன். பேசவும் செய்தேன், அதில் பொய்யில்லை. தாசில்தார் வெற்றிலையை மடித்து வாயில் ஒதுக்கிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்டார்.

"பலகையை மாத்தினா பட்டியலை மாத்தணும். பட்டியலை மாத்தினா இத்தனை நாளு எழுதினது என்னன்னு கேப்பான். எழுதினது யாரு?"

"நான்தான்."

"கையெழுத்துப் போட்டது?"

"தாங்கள்."

"பொறவு என்னவே. பைய எழுந்து உம்ம வேலையைப் பாரும்."

"ஜனங்க கடைக்குள்ள விழுந்து அடிச்சிக்கிட்டா?"

"அது போலீசு டிபார்ட்மெண்டு."

நாலாம் நாள் பலகையில் யாரோ சாணி அடித்துவிட்டார்கள். கழுவி, திரும்ப எழுதிவிட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார் தாசில்தார். துணைக்கு ஒரு சேவகன், கையில் சுண்ணாம்புச் சட்டி. ஒன்பது வருஷத்தில் உத்தியோக முறையில் நான் சந்தைக்குப் போன முதல் நாள் அது.

நான் ‘ஆறரை’யின் ரைக்குக் கொம்பு போட்டுக்கொண்டிருந்தபோது கிழக்கேயிருந்து சத்தம் வந்தது. மேலப்பாளையத்துத் தறிக்காரர்கள் ஆற்றில் முழங்கால் தண்ணீரைக் கடந்து வந்துகொண்டிருந்தார்கள். நூல் வராமல் தறி நின்று மூன்று மாசம் ஆகியிருந்தது. வழியில் வண்டிக்காரர்களும், கொத்து வேலைக்காரர்களும், கோவில் வாசலில் சும்மா நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முன்னால் வந்தவர்கள் கையில் கம்பு இல்லை. பையும் சாக்கும் வைத்திருந்தார்கள். பலகையைக் காட்டி, ஆறரைப் படி அளந்து கொடு என்று கேட்கத்தான் வந்தார்கள். முதல் பத்து நிமிஷம் கேட்கவும் செய்தார்கள்.

பெரிய மண்டிக்காரர் ஒருவர் மாடியிலிருந்து, "போர்டைப் போயி நக்குங்கலே!" என்றார். அவ்வளவுதான். ஒரு கல் பறந்தது. மாடிக் கண்ணாடி உடைந்து கீழே நின்ற ஒரு பெண்ணின் தலையிலேயே விழுந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் தெரு முழுக்க ஒரே தொண்டையாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. கடைக்காரர்கள் கதவுப் பலகைகளைச் சாத்த, சாத்தின பலகையோடு ஆட்களையும் பிடுங்கி எறிந்தார்கள். எண்ணெய்க் கடையில் தீ வைத்தார்கள். மண்டிக் கணக்கப்பிள்ளை ஒருவரைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் முகம் படிக்கட்டுக்குப் படிக்கட்டு இடித்துக்கொண்டே போனது. அரிவாளால் சாக்குகளைக் கிழித்தார்கள். அரிசி சரிந்து சாக்கடையில் விழ, அதை அள்ளக் குனிந்தவர்கள் முதுகின்மேல் மற்றவர்கள் ஏறி ஓடினார்கள். எழுந்திருக்க முடியாமல் கிடந்த ஒரு கிழவரின் கையை மூன்று பேர் மிதித்ததை நான் பார்த்தேன். அவர் அப்போதும் கை நிறைய அரிசியை விடவில்லை.

என் சேவகன் சட்டியைப் போட்டுவிட்டு எப்போதோ மறைந்துவிட்டான். அவன் ஓடின வேகத்தை அதுவரை எந்தத் தபாலைக் கொண்டுபோகும்போதும் அவனிடம் கண்டதில்லை. நான் ஓட நினைத்தேன்; கூட்டம் வழி விடவில்லை. மூளை மட்டும் நன்றாக ஓடியது. தலைப்பாகை சர்க்கார், கோட்டு சர்க்கார். இரண்டையும் கழற்றிச் சாக்கடையில் வீசினேன். ஒன்பது வருஷமாக மாட்டாத மூன்றாவது பொத்தானுக்கு அன்று நன்றி சொன்னேன். வெறும் வேஷ்டியும் தொந்தியுமாக நின்றபோது, ஊரில் எத்தனையோ தொந்திகள் உண்டு, இது சர்க்கார் தொந்தி என்று யாருக்குத் தெரியும் என்று ஒரு தைரியம் வந்தது. கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பின்பக்கம் துடைத்துக்கொண்டேன்.

அப்போது ஒரு வண்டிக்காரன், கையில் வண்டி அச்சின் கடையாணியைப் பிடித்துக்கொண்டு பலகைக்கு முன்னால் ஏறி நின்றான்.

"ஆறரைன்னு எழுதிப் போட்டுட்டு நாலு அளக்க வைக்கான் பாருங்கலே! எழுதினவனும் மண்டிக்காரனும் கூட்டுலே! எவன்லே எழுதினது?"

"கச்சேரிக்காரன்!"

"அவனை வெட்டணுமா வேண்டாமா?"

எனக்குப் பக்கத்தில் நின்றவன் என் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறக்காமல் நிற்கிறவன் நான் ஒருவன்தான் என்று எனக்குப் பட்டது. "வெட்டுலே!" என்று கத்தினேன். அவன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான். பயத்தில் நிறுத்தத் தெரியவில்லை. "துண்டு துண்டா வெட்டுலே!" என்றேன். இரண்டாவதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அது முழுக்க என் சொந்த ஆசையில் சேர்த்தது.

யாரோ என் தலையில் அரைச் சாக்கு அரிசியை ஏற்றினார்கள். "தூக்குலே தொந்தி!" என்றார்கள். தூக்கினேன். கூட்டம் தள்ளின பக்கம் போனேன். அது அண்ணாச்சி கடை.

அவர் கடையைச் சாத்தவில்லை. பக்கத்துக் கடைக்காரர் சாத்தச் சொன்னபோது, "எனக்கெதுக்குவே பயம், நான் யாருக்குக் குறைச்சு அளந்தேன்" என்றாராம். படியைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வண்டிக்காரன் உள்ளே போனான். "ஆறரை அளப்பியாலே?"

"இருந்தா அளந்திருக்க மாட்டேனா தம்பி? கொள்முதலே..."

கொள்முதல் என்ற சொல்லுக்கு அன்று தெருவில் மதிப்பில்லை. அவரை இழுத்துக் கடை வாசல் கல்லில் குப்புறப் போட்டார்கள். ஒருவன் முதுகில் உட்கார்ந்தான். இரண்டு பேர் வலது கையை நீட்டிப் பிடித்தார்கள். அவருடைய படியையே எடுத்தார்கள். இரும்புப் படி, அடியில் கனமான வளையம் உண்டு. "குறைச்சு அளந்த கைலே இது!" என்று சொல்லி முதல் அடி விழுந்தது. சுள்ளி ஒடிகிற சத்தம். இரண்டாவது அடிக்கு அந்தச் சத்தம்கூட இல்லை. ஈரமான ஏதோ ஒன்றின்மேல் விழுந்த மாதிரி இருந்தது. ஆறு தடவை அடித்தார்கள். அடிக்கும்போது எண்ணினார்கள், படி அளக்கிறபோது எண்ணுவதைப் போல. ஏழாவதைப் பாதியில் நிறுத்தி, "அரை!" என்றான் வண்டிக்காரன். சிரிப்பு எழுந்தது.

அண்ணாச்சி தலையைத் திருப்பினார். மூன்று முழம் தள்ளி, தலையில் சாக்கோடு நான் நிற்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த ஆறரையை எழுதின கை எது என்று அந்தத் தெருவில் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான், இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், என்னை அங்கேயே முடித்திருப்பார்கள். அவர் வாயைத் திறந்தார். வாந்திதான் வந்தது.

ரிசர்வ் போலீஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். எச்சரிக்கை கொடுத்துவிட்டுச் சுட்டார்கள் என்று பின்னால் எழுதினார்கள். கொடுத்திருக்கலாம். எனக்குக் கேட்டது வெடிச் சத்தம் மட்டும். சாக்கோடு சாக்காகச் சாக்கடையில் விழுந்தேன். விழுந்த வேகத்தில் என் முதுகில் ஏதோ குத்தியது போலிருந்தது. பிறகு வெதுவெதுப்பாகப் பிடரியில் வழிந்து, முதுகில் இறங்கி, வேஷ்டிக்குள் போனது. செத்தேன் என்று முடிவு கட்டினேன். இஷ்ட தெய்வத்தைக் கூப்பிட வேண்டிய நேரத்தில், அந்த வாரப் பட்டியலை அனுப்பவில்லையே என்ற நினைப்புத்தான் வந்தது. வெகு நேரம் கழித்து, ரத்தம் இப்படிக் கிசுகிசுவென்று சத்தம் போடாதே என்று சந்தேகப்பட்டுத் தொட்டுப் பார்த்தேன். அரிசி. குண்டு சாக்கைத் துளைத்திருந்தது. காலையிலிருந்து வெயிலில் கிடந்த சாக்கு, அதுதான் அந்த வெதுவெதுப்பு.

எனக்கு அடுத்தாற்போல் கிடந்தவன்மேல் வழிந்தது அரிசி இல்லை.

தறிக்காரன். முப்பது வயதிருக்கும். வயிற்றை ஒரு கையால் பொத்தியிருந்தான். விரல் இடுக்குகளில் ரத்தம் கொப்புளித்துக்கொண்டு வந்தது. மறு கையில் ஒரு பை, மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. அதில் ஒரு மணி அரிசி இல்லை. அந்தக் கையின் மூடின விரல்களைப் பிரித்து எனக்குக் காட்டினான். ஒரு வெள்ளி ரூபாய்.

"அண்ணே," என்றான், "போர்டுல ஆறரைதானே போட்டிருந்துச்சு?"

"ஆமா."

"நான் தப்பா வாசிக்கலையே?"

"இல்லே. சரியாத்தான் வாசிச்சிருக்கே."

அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது போலத் தெரிந்தது. அடுத்து ஏதோ சொல்ல வந்தான், ரத்தம்தான் வாயில் வந்தது. நான் அவன் தலையைத் தூக்கிப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. போலீஸ்காரன் பூட்ஸ் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது, நான் பிணமாக நடித்துக்கொண்டிருந்தேன். உண்மையான பிணம் பக்கத்தில் இருந்ததால் நடிப்பு நன்றாகவே எடுபட்டது.

வீட்டுக்குப் போய் வேஷ்டியை உதறினபோது அரிசி கொட்டியது. என் மனைவி ஒன்றும் கேட்காமல் கூட்டி அள்ளி, கல் பொறுக்கி, உலையில் போட்டாள். வீட்டில் அதுவும் குறைவாகத்தான் இருந்தது. சாப்பிட்டேன்.

அடுத்த மாசம் விசாரணை. சென்னையிலிருந்து ஒரு துரை வந்து தாலுகா கச்சேரிக் கூடத்தில் உட்கார்ந்தார். சூறையாடினவர்களுக்குத் தனி வழக்கு. அது சீக்கிரம் முடிந்தது. வண்டிக்காரனுக்கு ஏழு வருஷம். இன்னொரு வழக்கு, கலகத்துக்குக் காரணம் யார் என்பது. காரணமும் கைவசம் தயாராக இருந்தது: சர்க்கார் விலைக்குக் குறைத்து அளந்த பேராசை பிடித்த வியாபாரிகள். பெரிய மண்டிக்காரர்கள் வக்கீல் வைத்து வெளியே வந்துவிட்டார்கள். மிச்சம் நின்றது அண்ணாச்சி. வலது கையில் தலையணை மாதிரிக் கட்டு.

சர்க்கார் விலை ஆறரை என்று நிரூபிக்க வேண்டிய சாட்சி நான். 'ஆமாம், ஆறரை' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் பாளையங்கோட்டை ஜெயிலுக்குப் போவார். அன்று காலையிலிருந்து நான் கொல்லைப்பக்கம் போய்வந்த எண்ணிக்கை அந்த ஆறரையைத் தாண்டிவிட்டது. பொய் சொல்லலாம் என்றுதான் கூண்டில் ஏறினேன். கட்டுப்போட்ட அந்தக் கையை அவர் எதிர்க் கூண்டின் கட்டைமேல் வைத்திருந்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"சர்க்கார் விலை என்ன?" என்று துரை தமிழிலேயே கேட்டார். தமிழ் பரீட்சை பாஸ் செய்தவர்.

"ஆறரை, துரையே. ஆனா அது விலை இல்லே. நான் இட்டுக்கட்டி எழுதினது. சந்தைக்கே போகலே. ஒன்பது வருஷமாப் போகலே. அண்ணாச்சி சரியாத்தான் அளந்தாரு. அன்னைக்கு நானே அவருகிட்ட நாலு படிதான் வாங்கினேன்."

கூடத்தில் விசிறி இழுக்கிறவன்கூடக் கயிற்றை விட்டுவிட்டான். தாசில்தார் வெற்றிலைச் சாற்றை விழுங்கிப் புரையேறி இருமினார். துரை பேனாவைக் கீழே வைத்தார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வாசல்வரை என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

துரை கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

"இந்தப் பட்டியலை வைத்து," என்றார், "கலெக்டர் மலையாளத்துக்கு வண்டி விட்டார். நீர் சொல்லுகிறது மெய்யானால் கலெக்டர் செய்தது தப்பு. இந்தப் பட்டியலை வைத்து, சென்னைச் சட்டசபையில் ஒரு கனவான் எழுந்து, தென் ஜில்லாக்களில் தட்டுப்பாடே இல்லை என்று சொன்னார். நீர் சொல்லுகிறது மெய்யானால் அவர் பொய்யர். அதைக் கேட்டு கவர்னர் துரை பர்மா அரிசியை வேறு ஜில்லாவுக்குத் திருப்பிவிட்டார். அவர் மூடர். இத்தனை பேரும் தப்பா, அல்லது நீர் ஒருவர் இன்றைக்குப் பயத்தில் உளறுகிறீரா? எது நடக்கக் கூடியது?"

நான் யோசித்தேன். நியாயமாகப் பார்த்தால் பயத்தில் உளறுவதுதான் எனக்கு வழக்கம்.

"பயந்துதான் இருக்கேன், துரையே. ஆனா..."

"பயந்துதான் இருக்கிறீர்." அதைமட்டும் எழுதிக்கொண்டார். 'சாட்சி கலகத்தில் அடிபட்டு மனம் கலங்கியவர். பட்டியல் முறைப்படி தயாரிக்கப்பட்டது' என்று தீர்மானமாயிற்று. என் வாக்குமூலம் எழுதின தாளை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கு மேலே போகாத ஒரே காகிதம் அந்தக் கச்சேரியில் அதுதான்.

வெளியே வந்தபோது எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை போகவில்லை, ஜெயில் இல்லை. உண்மையும் சொன்னதாயிற்று, ஆபத்தும் வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்று நன்றாக மூச்சு விட்டேன். அப்போதுதான் அண்ணாச்சிக்கு விலங்கு மாட்டினார்கள். வலது மணிக்கட்டில் மாட்ட முடியாமல், இடது கையையும் போலீஸ்காரன் கையையும் சேர்த்துப் பூட்டினார்கள். ஆறு மாசம்.

தாசில்தார் டிப்டி கலெக்டராகப் போனார். கலெக்டருக்கு வேறு பெரிய ஜில்லா. எனக்கு ஒரு ரூபாய் சம்பளம் கூட்டினார்கள். அண்ணாச்சியின் விலையில் நாலு படி.

அவர் ஜெயிலிலிருந்து வந்து கடை திறந்த வாரம், சனிக்கிழமை, பட்டியல் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் மூன்று தடவை திரும்பினேன். மூன்றாவது தடவை பாதி வீடுவரை வந்துவிட்டேன். கடையில் அவர் மச்சினன் அளந்துகொண்டிருந்தான். அண்ணாச்சி கல்லாவில். வலது கை விரல்கள் ஒன்றோடொன்று பிணைந்து, இஞ்சிக் கிழங்குபோல் மடியில் கிடந்தன.

"விலை கேக்க வந்தேன், அண்ணாச்சி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மச்சினனிடம், "நீ எந்திரிலே. இவரு அளக்கட்டும்" என்றார். "ரூபாயை வையும்வே. வச்சுட்டு நீரே அளந்து பாரும், எத்தனை படி வருதுன்னு."

வாங்க வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் உட்கார்ந்தேன். அதே இரும்புப் படி. வளையம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அமுக்கி எடுத்தேன். கூம்பு சரிந்து பாதி தரையில் கொட்டியது. "ஒண்ணு" என்றேன்.

"முதல் படியை லாபம்னு சொல்லணும். அதுகூடத் தெரியாமலா ஒன்பது வருசம் எழுதினீரு?" என்றாள் ஒரு கிழவி.

"லாபம்," என்றேன். "ரெண்டு. மூணு." மூன்றேமுக்காலில் அண்ணாச்சி கை காட்டி நிறுத்தினார். அதை எழுதி அனுப்பினேன். தாக்கீது வந்தது: வித்தியாசத்துக்குச் சமாதானம் எழுதவும். 'சந்தைக்குப் போய் அளந்தேன்' என்று எழுதினேன். நாலு பிரதி. மறு வாரமும் தாக்கீது, மறு வாரமும் அதே பதில். தங்கள் சமாதானம் திருப்திகரமாக இல்லை என்று போன மாசம் ஒன்று வந்திருக்கிறது. அடுத்ததில் வேலையே போனாலும் போகும். சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு தடவை கொல்லைக்குப் போய்விட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

அண்ணாச்சி என்னோடு பேசுவதில்லை. சிந்தினால், "சிந்துது" என்பார். அவ்வளவுதான். விசாரணையைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மேலப்பாளையத்திலிருந்து நடந்து வருகிறவர்களில் முக்காடிட்ட ஒரு பெண் உண்டு. மடிப்புக் கலையாத பையோடு வருவாள். அந்தத் தறிக்காரனுக்கு என்ன உறவு, உறவேதானா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. போன சனிக்கிழமை நான் படியைக் கையில் எடுக்கும்போது அவள் ரூபாயைக் கல்லாவில் வைத்தாள்.

"இன்னிக்கு எத்தனை படி, அண்ணே?" என்றாள்.

பழக்கதோஷத்தில் ஒரு எண் என் வாய்வரை வந்துவிட்டது. அண்ணாச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இரும்மா," என்றேன். "அளந்துட்டுச் சொல்லுதேன்."